குருத்துவப் பொன்விழா: நாள் பெரிய வியாழனில் விழுகிறது. திருப்பலி, பாராட்டு, மலர், கணக்கு எல்லாவற்றையும் எப்படி அமைப்பது?

பங்குப்பேரவைச் செயலர் (கேள்வி):

எங்கள் பங்கு (ஒரு கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்க மக்கள் சமூகம்) குழித்துறை மறைமாவட்டத்தில் இருக்கிறது. முன்பு இங்கே பங்குத்தந்தையாக இருந்தவர் இப்போது ஓய்வுபெற்ற குருக்கள் இல்லத்தில் தங்கியிருக்கிறார். 1977 மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாளன்று குருப்பட்டம் பெற்றவர். 2027 மார்ச் 25-இல் 50 ஆண்டு நிறைவு. நாள்காட்டியில் பார்த்தால் அன்று பெரிய வியாழன்.

தெரிய வேண்டியவை இவை. விழாவை எந்த நாளுக்கு மாற்றுவது? அன்று குருத்துவ நினைவுக்கென உள்ள திருப்பலி மன்றாட்டுகளைப் பயன்படுத்தலாமா? ஆயரை அழைக்க விரும்புகிறோம், ஆனால் தந்தையே திருப்பலிக்குத் தலைமை ஏற்க வேண்டும் என்று மக்கள் கேட்கிறார்கள். வாழ்த்துரைகளைத் திருப்பலிக்குள் வைக்கலாமா? விழா மலர் போடும் எண்ணம் இருக்கிறது. வெளிநாட்டில் உள்ள ஊர்க்காரர்கள் பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார்கள், அதை எந்தக் கணக்கில் வாங்குவது? சுமார் 1,000 பேருக்குச் சாப்பாடு. தந்தைக்குச் சர்க்கரை நோய் உண்டு, முழங்கால் வலியும் உண்டு.

வழிபாட்டுக் குழு:

பெரிய வியாழனன்று வைக்க வழியே இல்லை. அன்று மக்களோடு கொண்டாடப்படுவது எண்ணெய் அர்ச்சிப்புத் திருப்பலியும் மாலையில் ஆண்டவருடைய இராவுணவுத் திருப்பலியும்தான். அதற்கு முன்னால் தவக்காலம் ஓடுகிறது. 2027-இல் சாம்பல் புதன் பிப்ரவரி 10. தவக்காலத்தில் பீடத்தில் பூ அலங்காரம் கிடையாது, 'உன்னதங்களிலே' புகழ்ப்பாடல் கிடையாது, வெள்ளிக்கிழமை என்றால் இறைச்சியும் கிடையாது. முன்கூட்டி வைத்தால் பாதி விழாதான் நடக்கும். உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 28. அதைத் தொடரும் எண்கிழமையின் எட்டு நாளும் ஆண்டவரின் பெருவிழாக்களுக்கு இணையானவை. ஏப்ரல் 4 ஞாயிறு வரை அதுவும் அடைபட்டுவிடும்.

பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மார்ச் 25 புனித வாரத்தில் விழும் ஆண்டில் ஆண்டவர் பிறப்பின் அறிவிப்புப் பெருவிழா (மங்கள வார்த்தைத் திருநாள்), உயிர்ப்புக் காலத்தின் 2-ஆம் ஞாயிறுக்கு அடுத்த திங்களுக்கு மாறிவிடும். 2027-இல் அது ஏப்ரல் 5. தந்தை பட்டம் பெற்ற திருநாளே அன்று தேடி வருகிறது. என் கருத்தில் விழாவுக்கு இதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. மாலை 5 மணித் திருப்பலியாக வைத்தால் வேலைக்குப் போகிறவர்களும் வரலாம்.

இனி மன்றாட்டுகள். திருப்பலி நூலில் 'பல்வேறு தேவைகளுக்கான திருப்பலிகள்' பகுதியில், அருட்பணியாளர் தம் திருநிலைப்பாட்டு ஆண்டு நாளில் தமக்காகப் பயன்படுத்தும் மன்றாட்டுத் தொகுதி ஒன்று இருக்கிறது. ஆனால் பெருவிழா நாளில் அதை எடுக்கக் கூடாது. ஏப்ரல் 5 என்றால் அன்றைய பெருவிழாவின் மன்றாட்டுகள், தொடக்கவுரை, வாசகங்கள்தான். இதனால் குறை ஒன்றும் வராது. எசாயா 7, திருப்பாடல் 40, எபிரேயர் 10, லூக்கா 1 என்று அன்றைய வாசகங்களே 'இதோ, உமது திருவுளத்தை நிறைவேற்ற வருகிறேன்' என்ற இழையில் போகின்றன. குருத்துவ விழா மறையுரைக்கு வேறு வாசகம் தேட வேண்டாம். தந்தையின் பெயரைச் சொல்ல வேண்டிய இடங்கள் முன்னுரை, மறையுரை, பொது மன்றாட்டு. திருக்குழும மன்றாட்டில் (வாசகங்களுக்கு முன் குரு சொல்லும் மன்றாட்டு) இன்னொன்றைச் சேர்த்துப் படிக்க வேண்டாம், அந்த இடத்தில் மன்றாட்டு ஒன்றுதான்.

வழக்கமாகச் சறுக்கும் ஓர் இடம்: அன்று நம்பிக்கை அறிக்கையில் 'தூய ஆவியால் கன்னி மரியாவிடம் உடலெடுத்து' என்னும் பகுதி வரும்போது எல்லாரும் முழந்தாளிட வேண்டும். கிறிஸ்து பிறப்பு விழாவிலும் இந்தப் பெருவிழாவிலும் மட்டும்தான் இப்படி, மற்ற நாளில் தலை வணங்கினால் போதும். பாடகர் குழு அந்த வரியில் நிறுத்திப் பாடப் பழக வேண்டும், இல்லையென்றால் மக்கள் முழந்தாளிட்டு முடிப்பதற்குள் அடுத்த வரி போய்விடும். முழங்கால் முடியாதவர்கள் தாழ வணங்கினால் போதும்.

ஆயர் வந்தால் அவரே தலைமை ஏற்பதுதான் முறை. ஆயர் திருப்பலி நிறைவேற்றாமல் கலந்துகொள்வதானால், அங்கியின் மேல் ஸ்டோலாவும் (கழுத்திலிருந்து தொங்கும் பட்டை) கப்பாவும் (நீண்ட மேற்போர்வை) அணிந்து, மார்புச் சிலுவையுடன் இறைவாக்கு வழிபாட்டுக்குத் தலைமை ஏற்று, இறுதியில் ஆசி வழங்கலாம். நற்கருணை வழிபாட்டைத் தந்தை தலைமையேற்று நடத்தலாம். திருப்பலி நூலின் பொதுவிதிகள் இதற்கு இடம் தருகின்றன. ஆனால் இதை ஆயரின் செயலரோடு எழுத்தில் முன்பே பேசி முடிக்க வேண்டும். விழா அன்று திருவுடை அறையில் நின்று முடிவெடுத்தால் இருக்கை, ஒலிவாங்கி, பணியாளர் ஏற்பாடு மூன்றும் குழம்பும். இதைவிட எளிய வழியும் உண்டு: ஆயர் தலைமை, மறையுரை தந்தையின் பழைய மாணவரோ உடன் பட்டம் பெற்றவரோ, நன்றியுரை தந்தை.

கூட்டுத் திருப்பலிக்கு எத்தனை குருக்கள் வருவார்கள் என்பதை விழாவுக்கு 10 நாள் முன்பே எண்ணிவிடுங்கள். அழைப்பிதழில் 'வெள்ளை அங்கியும் வெள்ளை ஸ்டோலாவும் கொண்டு வரவும்' என்று ஒரு வரி போடுங்கள். எல்லாருக்கும் திருவுடை (அங்கிக்கு மேல் அணியும் திருப்பலி உடை) இல்லாதபோது உடன் நிறைவேற்றுபவர்கள் அங்கியும் ஸ்டோலாவும் மட்டும் அணியலாம், தலைமை ஏற்பவருக்குத் திருவுடை கட்டாயம். திராட்சை இரசம் ஒரு குருவுக்கு 5 மி.லி. என்று வைத்து, 30 குருக்கள் என்றால் 150 முதல் 200 மி.லி. வரை இரண்டு அல்லது மூன்று கிண்ணங்களில் ஊற்ற வேண்டும். ஒரே கிண்ணம் என்றால் வரிசை நகராது. திருமேனித் துகிலும் (கிண்ணங்களுக்குக் கீழே பீடத்தில் விரிக்கும் துணி) அதற்கேற்ற அகலத்தில் வேண்டும். நற்கருணை வழங்க 800 பேருக்கு 6 பேர் நின்றால் சுமார் பத்து நிமிடத்தில் முடியும். 3 பேர் என்றால் இருமடங்காகும், பாடல் தீர்ந்துபோய் இரைச்சல் தொடங்கும்.

வாழ்த்துரை திருப்பலிக்குள் வேண்டவே வேண்டாம். நற்கருணைக்குப் பிந்திய மன்றாட்டு முடிந்தபின் தந்தையின் சிறு நன்றியுரை ஒன்று, 5 நிமிடம், அவ்வளவுதான். பொன்னாடை, மாலை, நினைவுப் பரிசு, அரசியல் பிரமுகர் பேச்சு எல்லாம் வெளியே மேடையில். பீடத்தில் நடப்பது நன்றிப் பலி. அங்கே மனிதருக்குப் பொன்னாடை போர்த்தத் தொடங்கினால் மக்கள் மனதில் எது விழா என்பதே மாறிவிடும்.

இன்னொன்றை அறிவிப்பில் சேர்க்க மறந்துவிடாதீர்கள். திருநிலைப்பாட்டின் 25, 50, 60-ஆம் ஆண்டு நிறைவில், தம் அழைத்தலின் கடமைகளை உண்மையோடு நிறைவேற்றும் உறுதியைக் கடவுள் திருமுன் புதுப்பிக்கும் குருவுக்குத் திருச்சபை நிறைபேறுபலன் (மன்னிக்கப்பட்ட பாவங்களுக்கான தண்டனையிலிருந்து முழு விடுதலை) வழங்குகிறது. அவருடைய யூபிலித் திருப்பலியில் பக்தியோடு பங்கேற்கும் மக்களுக்கும் அது உண்டு. வழக்கமான நிபந்தனைகள்தான்: ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்), நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்களுக்காகச் செபம், எந்தப் பாவத்தின்மீதும் பற்றின்மை. ஒப்புரவை அன்றே செய்ய வேண்டியதில்லை, சில நாள் முன்பின்னாக இருக்கலாம். 2027-இல் மக்கள் புனித வாரத்தில் ஒப்புரவு செய்திருப்பார்கள் என்பதால் ஏப்ரல் 5 அந்த வகையிலும் வசதி. ஆனாலும் திருப்பலிக்கு முன் ஒரு மணி நேரம் இரண்டு குருக்களை ஒப்புரவுத் தொட்டியில் அமர வையுங்கள்.

வாக்குறுதிப் புதுப்பித்தலுக்கு என்று யூபிலி நாளில் தனிச் சடங்கு வகுக்கப்படவில்லை. குருக்கள் ஆயர் முன் பொதுவாகப் புதுப்பிப்பது எண்ணெய் அர்ச்சிப்புத் திருப்பலியில். பல மறைமாவட்டங்களில் அது பெரிய வியாழனுக்கு முன்பே, புனித வாரத்தின் வேறொரு நாளில் நடக்கும். 2027-இல் தந்தையை அதற்கு அழைத்துப்போக வண்டி ஏற்பாடு செய்யுங்கள். 50 ஆண்டு முடியும் அதே வாரத்தில் மற்ற குருக்களோடு நின்று அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதை விட அவருக்குப் பெரிய விழா எது?

நாகர்கோவில்_வாசகர்:

திங்கள் மாலை என்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. திருவனந்தபுரம், சென்னை, பெங்களூரில் இருப்பவர்கள் ஞாயிறு இரவே கிளம்பிவிடுவார்கள். ஏப்ரல் 14 புதன் அரசு விடுமுறை, உயிர்ப்புக் கால வாரநாள். அதற்கு முந்தைய சனி, ஏப்ரல் 10 காலையும் வைக்கலாம். இந்த நாள்களில் குருத்துவ ஆண்டு நினைவுத் திருப்பலியின் மன்றாட்டுகளைக் கூடப் பயன்படுத்தலாமே?

வழிபாட்டுக் குழு:

பயன்படுத்தலாம், ஒரு நிபந்தனையோடு. எண்கிழமைக்குப் பிந்திய உயிர்ப்புக் கால வாரநாள்களில் இத்தகைய திருப்பலிகள் பொதுவாக அனுமதி இல்லை. மேய்ப்புப் பணி நன்மை உண்மையாகவே இருந்தால் கோயில் பொறுப்பாளரோ திருப்பலி நிறைவேற்றும் குருவோ தம் பொறுப்பில் முடிவெடுக்கலாம். பொன்விழா அந்த வகைக்குள் வரும். சனி என்றால் காலையில்தான். மாலை என்றால் அது ஞாயிறுத் திருப்பலி, உயிர்ப்புக் கால ஞாயிறில் வேறு மன்றாட்டுகளுக்கு இடமே இல்லை. வெளியூர் கூட்டம்தான் முக்கியம் என்று நீங்கள் கருதினால் 14-ஆம் தேதி நல்ல தேர்வு. எனக்கு அந்தத் திருநாளோடு உள்ள தொடர்பு பெரிதாகப் படுகிறது. முடிவைத் தந்தையிடமே விட்டுவிடுங்கள், அவருடைய சொந்த ஊர்ப் பங்கிடமும் கேளுங்கள். இரண்டு ஊரும் ஒரே நாளை அச்சடித்துவிட்டால் சரிசெய்வது கடினம்.

பங்குக் கணக்கர்:

பணத்தைப் பற்றி நேராகச் சொல்கிறேன், ஏனென்றால் விழாக்களில் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் இங்கேதான்.

பங்குத்தந்தையிடமோ பங்கு நிர்வாகத்திடமோ கொடுக்கப்படும் காணிக்கை, வேறு சான்று இல்லாவிட்டால், அந்தப் பங்குக்கே கொடுக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். திருச்சபைச் சட்டம் 1267 சொல்வது இதைத்தான். ஆகவே 'பொன்விழா' என்று பொதுவாக வசூலித்துவிட்டுக் கடைசியில் மிச்சத்தைத் தந்தைக்குக் கொடுப்பது முறையல்ல. ரசீதுப் புத்தகம் இரண்டு அச்சடியுங்கள், நிறம் வேறாக. ஒன்று விழாச் செலவுக்கு, மற்றொன்று 'தந்தைக்கு அன்பளிப்பு' என்று தெளிவாக. விழாச் செலவில் மிச்சமானால் எங்கே போகும் என்பதையும் முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக எழுதிவிடுங்கள். குருமாணவர் கல்வி நிதியில் தந்தையின் பெயரில் ஒரு தொகை வைப்பது நல்ல வழி, வட்டியில் ஆண்டுதோறும் ஒரு மாணவருக்கு உதவி போகும்.

தந்தைக்குத் தனிப்பட்ட முறையில் பணமாகக் கொடுப்பதற்கு வருமான வரி உண்டு. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் பண அன்பளிப்புகளின் கூட்டுத்தொகை ₹50,000-ஐத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத் தொகையும் அவருடைய வருமானத்தில் சேரும். 'உறவினர்' என்பதற்குச் சட்டம் தரும் பட்டியலில் உடன்பிறந்தவர்கள் இருக்கிறார்கள், உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் இல்லை. அண்ணன் மகன் துபாயிலிருந்து ஒரு லட்சம் அனுப்பினால் அது உறவினர் தந்த பணமாகக் கணக்காகாது. அண்ணனே கொடுத்தால் ஆகும். தங்க மோதிரம், சங்கிலி போன்ற நகைகளுக்கும் இதே போன்ற ₹50,000 வரம்பு தனியாக உண்டு. சக்கர நாற்காலி, நல்ல மெத்தைக் கட்டில், படிக்கும் விளக்கு போன்றவை இந்த வரிக்குள் வராது, 77 வயதில் அவருக்கு உண்மையில் பயன்படுவதும் இவைதான். மார்ச் 31-க்கு முன் கொஞ்சம், ஏப்ரலில் கொஞ்சம் என வந்தால் இரண்டு நிதியாண்டாகப் பிரியும். அதற்காகத் தேதியை மாற்றி எழுதக் கூடாது.

வெளிநாட்டுப் பணத்தில் கவனம் தேவை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஊர்க்காரர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. பங்குக் கணக்கில் வாங்கலாம், கடவுச்சீட்டு நகல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர், நம் ஊரில் பிறந்தவராகவே இருந்தாலும், பங்குக்கு அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பு. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு உள்ள அமைப்பு மட்டுமே அதை வாங்கலாம், அதுவும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையின் குறிப்பிட்ட கணக்கில்தான் வந்து சேர வேண்டும். உள்ளூரில் வசூலாகிற பணமும் அமெரிக்காவிலிருந்து வருகிற பணமும் ஒரே உண்டியலில் விழக் கூடாது. ஒரு சிறு தொகை தவறான கணக்கில் விழுந்தாலும் மறைமாவட்டத்தின் பதிவுக்கே சிக்கல் வரலாம். குழப்பம் இருந்தால் ஆயர் இல்லப் பொருளாளரிடம் கேட்ட பிறகே கணக்கு எண்ணை வாட்ஸாப்பில் போடுங்கள்.

பணம் கையில் வாங்கும்போது ஒருவரிடம் ஒரே நிகழ்ச்சிக்காக ₹2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க முடியாது. பந்தல், சாப்பாடு, ஒலி, அச்சகம் நான்குக்கும் ஒப்பந்தம் எழுத்தில், முன்பணம் வங்கி வழியாக.

விழா மலர் தொகுப்பாளர்:

மலருக்குக் குறைந்தது 5 மாதம் வேண்டும். அச்சிட அல்ல, தேதிகளைச் சரிபார்க்க.

தந்தையின் நினைவை மட்டும் நம்பி வாழ்க்கைக் குறிப்பு எழுதாதீர்கள். அவர் எங்கே, எந்த நாளில், எந்த ஆயரால் திருநிலைப்படுத்தப்பட்டார் என்பது திருநிலைப்பாடு நடந்த இடத்தின் ஆயர் அலுவலகப் பதிவேட்டில் இருக்கும். அவர் திருமுழுக்குப் பெற்ற பங்கின் பதிவேட்டில், அவருடைய பெயருக்கு எதிரே ஓரத்திலும் அந்தக் குறிப்பு எழுதப்பட்டிருக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிடுங்கள். குழித்துறை மறைமாவட்டம் 2014 டிசம்பர் 22-இல்தான் கோட்டாறிலிருந்து பிரிந்தது. ஆகவே 1977-இன் பதிவு, தொடக்க கால மாற்றல் ஆணைகள், பழைய கடிதங்கள் கோட்டாறு ஆயர் இல்லத்தில் இருக்கும். குழித்துறையில் தேடி ஏமாறாதீர்கள். 'குழித்துறை மறைமாவட்டத்துக்காக 1977-இல் திருநிலைப்படுத்தப்பட்டார்' என்ற பிழையும் மலர்களில் எளிதாக நுழைந்துவிடும். அப்போது கோட்டாறு ஆயராக இருந்தவர் மரியானுஸ் ஆரோக்கியசாமி. பட்டமளிப்புப் படத்தில் இருப்பவர்களை அடையாளம் காண இது தொடக்கப் புள்ளி.

எந்தப் பங்கில் எப்போது பணியாற்றினார் என்பதற்குத் திருமுழுக்குப் பதிவேட்டை விடச் சிறந்த சான்று கிடையாது. ஒவ்வொரு பங்கிலும் அவருடைய முதல் கையெழுத்தும் கடைசிக் கையெழுத்தும் உள்ள பக்கங்களைப் பார்த்தால் மாதக் கணக்கில் தெரிந்துவிடும். அந்தந்தப் பங்குத்தந்தையிடம் கடிதம் கொடுத்து, அவர் முன்னிலையில் பாருங்கள். பதிவேட்டைப் படமெடுத்துக் குழுவில் போட வேண்டாம், அதில் பிறருடைய குடும்ப விவரங்கள் இருக்கின்றன. தேதியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் கட்டிய கோயில், பள்ளிக்கூடம், கெபி (மாதா குகை) ஆகியவற்றின் கல்வெட்டுகளையும் படமெடுங்கள். அர்ச்சிப்பு நாளும் அடிக்கல் நாளும் வேறு வேறு, மலரில் இரண்டையும் கலந்துவிடுவார்கள்.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் ஒட்டும் ஆல்பத்தில் பிடித்துக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள், தாளோடு சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். 600 டிபிஐ போதும். 6×4 அங்குலப் படம் அந்த அளவில் முழுப் பக்கத்துக்குத் தாராளமாக வரும். கைபேசியில் எடுத்து வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், அச்சில் மங்கலாக விழும். 'ஆவணமாக' அனுப்பச் சொல்லுங்கள்.

எழுத்துரு இன்னொரு தலைவலி. வயதானவர்கள் பாமினியிலோ வானவில்லிலோ தட்டச்சு செய்து கொடுப்பார்கள், இளைஞர்கள் யூனிகோடில். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் மெய்ப்புத் திருத்தம் தொடங்க வேண்டும். மாற்றும்போது ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, 'ஸ்ரீ', கிரந்த எழுத்துகள் உடையும், பெயர்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆயரின் பெயரும் பட்டமும் தவறாக அச்சானால் தாளை ஒட்டி மறைக்க வேண்டிவரும்.

பக்க எண்ணிக்கை 16-இன் மடங்காக இருக்கட்டும். 64 பக்கம் வரை நடுவில் பின் அடிக்கலாம், அதற்கு மேல் போனால் பசை ஒட்டு. உள் பக்கம் முழுவதும் பளபளப்புத் தாள் தேவையில்லை. 16 பக்கப் படங்களுக்கு 130 ஜிஎஸ்எம் ஆர்ட் தாள், மற்றவற்றுக்கு மேப்லித்தோ என்றால் செலவும் குறையும், முதியவர்கள் கண் கூசாமல் படிக்கவும் முடியும். வாழ்த்துச் செய்திகளை இரண்டு மாதம் முன்பே கடிதம் எழுதிக் கேளுங்கள், கடைசி நாள் குறிப்பிட்டு. அதைத் தாண்டி வருவதற்காக இரண்டு பக்கம் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாழ்த்துச் செய்தி 20 பக்கம், விளம்பரம் 30 பக்கம், தந்தையைப் பற்றி 6 பக்கம் என்று அமையும் மலர் யாருக்கும் பயன்படாது. அவருடைய மறையுரைக் குறிப்பேடுகள் இருந்தால் அவர் அனுமதியோடு நான்கைந்தைத் தட்டச்சு செய்து போடுங்கள். 1970-களிலும் 80-களிலும் தமிழில் வழிபாடு எப்படி வேரூன்றியது, கடலோரத்திலும் மலையடிவாரத்திலும் பங்குகள் எப்படிப் பிரிந்தன, அன்பியங்கள் (அக்கம்பக்கக் குடும்பங்களின் சிறு குழுக்கள்) எப்படித் தொடங்கின என்று அவரிடம் இரண்டு மணி நேரம் ஒலிப்பதிவு செய்தால் அதுவே மலரின் இதயமாகிவிடும். காலையில் பதிவு செய்யுங்கள், ஒரு அமர்வு 40 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

திருத்தந்தையின் ஆசி மடல் வேண்டுமென்றால் அதற்கும் இப்போதே தொடங்க வேண்டும். வத்திக்கானின் பிறரன்புப் பணிகளுக்கான திருப்பீடத்துறை வழியாக இணையத்தில் விண்ணப்பிக்கலாம். குருத்துவ 50-ஆம் ஆண்டு அவர்கள் ஏற்கும் நிகழ்வுகளில் ஒன்று.  அதிலிருந்து வரும் தொகை ஏழைகளுக்கான உதவிக்குப் போகிறது. விண்ணப்பத்தில் விழா நாளை எழுதாதீர்கள், 25.3.2027 என்ற நிறைவு நாளை எழுதுங்கள். கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரின் எழுத்துக்கூட்டலைக் கொடுங்கள். மூன்று மாதம் முன்பே அனுப்பிவிட்டால் அஞ்சல் தாமதத்துக்குப் பயப்பட வேண்டாம்.

பந்தி மேற்பார்வை:

ஏப்ரல் மாலையில் குமரி மாவட்டத்தில் கோடை மழை திடீரென்று கொட்டும். துணிப் பந்தல் வேண்டாம், தகரக் கூரை போடச் சொல்லுங்கள், ஓரத்தில் நீர் ஓடச் சாலும் வெட்டுங்கள். மின்பலகைக்கு மேல் தனி மறைப்பு. ஜெனரேட்டர் பந்தலிலிருந்து தள்ளி, புகை பந்தலுக்குள் அடிக்காத பக்கம்.

1,000 பேருக்கு இலைச் சாப்பாடு என்றால் பச்சரிசியோ புழுங்கலோ 110 கிலோ, சாம்பாருக்குத் துவரம் பருப்பு 25 முதல் 30 கிலோ, பாயசம் தலைக்கு 100 மி.லி. கணக்கில் 100 லிட்டர், இலை 1,100. இரவு வேளை என்பதால் மதியத்தை விடச் சோறு குறைவாகத்தான் போகும். பிரியாணி என்றால் ஒரு கிலோ அரிசிக்கு 8 முதல் 10 பேர். கூடத்தில் 250 இருக்கை என்றால் நாலு பந்தி, ஒரு பந்திக்கு 35 நிமிடம், ஆக இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும். மேடை நிகழ்ச்சி முடிந்துதான் முதல் பந்தி என்று வைத்தால் கடைசிப் பந்தி இரவு பத்தரை ஆகிவிடும். 7.15-க்கே முதல் பந்தியைத் தொடங்குங்கள், குழந்தைகள், முதியவர்கள், தொலைவு போகிறவர்கள் முதலில். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, காவல் நிலைய அனுமதியும் முன்பே வேண்டும். சாலையில் பேனர் வைக்க உள்ளாட்சி அனுமதி இல்லாமல் ஒரு கம்பு கூட நட வேண்டாம். கோயில் வளாகத்துக்குள் இரண்டு போதும்.

மேடையைச் சுருக்கும் இடம் பொன்னாடைதான். 15 அன்பியம், 10 பக்த சபை, 15 வெளியார் என்று 40 பேர் ஆளுக்கு 45 வினாடி எடுத்தாலே அரை மணி நேரம். அத்தனை நேரமும் தந்தை நிற்க வேண்டும். எல்லா அன்பியங்களும் சேர்ந்து ஒரே பொன்னாடை, சபைகள் சேர்ந்து ஒன்று. மற்றவர்கள் பொன்னாடைக்குப் பதில் நோட்டுப் புத்தகமோ பள்ளிப் பையோ கொண்டு வரட்டும் என்று அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள், ஜூனில் பங்குப் பிள்ளைகளுக்குப் போகும். பேச்சாளர் நான்கு பேர், ஆளுக்கு 5 நிமிடம்.

சர்க்கரை மருந்து எடுப்பவரின் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால் தாழ்சர்க்கரை வந்து மயங்கலாம். மேடைக்குப் பின்னால் ஓர் அறை, நாற்காலி, கழிப்பறை, இரண்டு இட்லி, குளுக்கோஸ், அவருடைய மருந்துப் பட்டியல் வைத்திருக்கும் ஒரே ஒரு பொறுப்பாளர். எல்லாரும் கவனிக்கிறோம் என்றால் யாருமே கவனிக்க மாட்டார்கள்.

பங்குப்பேரவைச் செயலர்:

மிக்க நன்றி. தந்தையிடமும் அவருடைய சொந்தப் பங்கிலும் பேசிவிட்டோம், ஏப்ரல் 5 மாலை எங்கள் பங்கில், 11-ஆம் தேதி ஞாயிறு காலை அவருடைய ஊரில். தலைமை அவரே ஏற்க ஆயர் இசைவு தந்திருக்கிறார், ஆயர் மேடை நிகழ்ச்சிக்கு வருவார். ஆனால் தந்தையால் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. உட்கார்ந்தபடி திருப்பலி நிறைவேற்றலாமா?

வழிபாட்டுக் குழு:

நிறைவேற்றலாம். முதுமையாலோ நோயாலோ நிற்க முடியாத குரு அமர்ந்தபடி திருப்பலி நிறைவேற்றத் திருச்சபைச் சட்டம் 930 இடம் தருகிறது. ஆனால் மக்கள் முன்னிலையில் என்றால் தலத் திருச்சபை ஆளுநரின் (ஆயர் போன்ற அதிகாரியின்) அனுமதி வேண்டும். ஆயர் வாய்மொழியாகத் தலைமைக்கு இசைந்தது வேறு, இது வேறு. ஒரு பக்கக் கடிதம் எழுதி அனுமதி வாங்கிக் கோப்பில் வையுங்கள். அந்த அனுமதி அவருடைய ஊர்ப் பங்கில் 11-ஆம் தேதி நடக்கும் திருப்பலிக்கும் பொருந்தும்படி கேளுங்கள். அந்த ஊர் கோட்டாறு மறைமாவட்டத்தில் இருந்தால் அங்கே தனியாகக் கேட்க வேண்டும்.

நாற்காலியை இப்போதே முடிவு செய்யுங்கள். சாதாரண நாற்காலியில் அமர்ந்தால் பீடம் மார்பளவுக்கு வரும், கிண்ணத்தை எடுக்கக் கை எட்டாது. பீடத்தின் உயரத்தை அளந்து, இருக்கையின் மட்டம் பீட மட்டத்துக்கு 28 முதல் 30 செ.மீ. கீழே இருக்கும்படி, கைப்பிடியும் காலடிப் பலகையும் உள்ள உயரமான மர நாற்காலி செய்யச் சொல்லுங்கள், சக்கரம் வேண்டாம். பீடப் படிகளில் ஏற ஒரு பக்கம் தற்காலிகக் கைப்பிடி. ஒலிவாங்கி அமர்ந்த வாயின் உயரத்துக்கு, திருப்பலி நூல் சாய்பலகையில், எழுத்து பெரிதாக நகலெடுத்த நற்கருணை மன்றாட்டு. நற்கருணையை மக்களுக்கு வழங்க மற்ற குருக்கள் இறங்கட்டும், தந்தை இருக்கையில் இருந்தபடியே அருகில் கொண்டுவரப்படும் முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் வழங்கட்டும். விழாவுக்கு முந்தைய சனிக்கிழமை அவரை அழைத்து வந்து, அந்த நாற்காலியில் அமர வைத்து, காணிக்கை முதல் நற்கருணை வரை ஒருமுறை ஒத்திகை பாருங்கள். எதை உயர்த்த வேண்டும், எங்கே விளக்கு கண்ணில் அடிக்கிறது என்பதெல்லாம் அப்போது அவரே சொல்லிவிடுவார்.